காற்றுப் புகாத கட்டு

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. அதற்குள் ரப்பர் பேண்டு, துருப்பிடித்த சாவி, தீர்ந்துபோன பேட்டரி. இவற்றோடு தாத்தாவின் ஒட்டுக் கத்தியும் கிடக்கும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னக் கத்தி. சிறுவயதில் அதைத் தொட்டாலே பாட்டி சத்தம் போடுவார். "டேய், வைடா அத. உளி மாதிரி இல்ல அது, நரம்ப அறுத்துடும்." பாட்டிக்கு உளி, தாத்தாவுக்கு இந்தக் கத்தி. பாட்டி பால்மரம் வெட்டியவர். தாத்தா தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டியவர்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதிப் பொறியியல் படித்தேன். கடைசி ஆண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பை வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எரிபொருள் கலத்துக்காக, கதிர்வீச்சின் வழி ஒட்டுப் போட்டு, குறுக்குப் பிணைப்பும் கொடுத்து உருவாக்கும் பாலிமர் சவ்வு. அம்மா கேட்டுவிட்டு, "சரி, வேலை கெடைக்குமா?" என்றார். தாத்தா மட்டும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "ஒட்டா? எதுல எத ஒட்டுற?"

அந்தக் கேள்வியை அப்போது நான் சிரித்துக் கடந்துவிட்டேன். தலைப்பில் இருந்த இரண்டு முக்கியமான சொற்களும், ஒட்டு, குறுக்குப் பிணைப்பு ஆகிய இரண்டுமே, ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ரப்பரில் இருந்தவை. இது எனக்குப் புரிந்தபோது பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் கட்டுரை அந்தத் தாமதத்தைப் பற்றியது.

*

முதலில் மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சோதித்து உருவாக்கினார். தோட்ட முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தினார். பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டுக்கொண்டவர் ஒரு மலாக்காக்காரர். டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் போனார். நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து நிரை பிடித்து நின்ற ரப்பர்க் காடுகளின் கதை, நான் மோட்டாரில் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் தொடங்கியிருக்கிறது. பள்ளியில் இதைப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. படித்திருந்தாலும் தேர்வோடு மறந்திருப்பேன்.

விதை போட்டு முளைத்த மரங்களில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே தாய்மரத்தின் விதைகள் என்றாலும் ஒரு மரம் மங்கு நிறையப் பால் கொடுக்கும், பக்கத்து மரம் அடி நனையத்தான் கொடுக்கும். இதற்குத் தீர்வு 1910களில் ஜாவாவில், டச்சுக்காரர்களின் தோட்டங்களில் கிடைத்தது. நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, சாதாரணக் கன்றின் பட்டைக்குள் வைத்துக் கட்டிவிடுவது. வேர் ஒரு மரத்துடையது, மேலே வளர்வது இன்னொரு மரம். ஒரே நல்ல மரத்திலிருந்து ஆயிரமாயிரம் நகல்களை எடுத்துவிடலாம்.

1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அங்கே உருவான வகைகளில் பேர்போனது ஆர்.ஆர்.ஐ.எம் 600. தாத்தாவின் பேச்சில் அது வெறும் 'அறுநூறு'. அதற்கு ஒரு பக்கம் ஜாவாவின் டிஜிர் 1, மறு பக்கம் சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் பிபி 86. பிராங் பெசார் இன்று ரப்பர்த் தோட்டம் இல்லை, அங்கேதான் புத்ராஜெயா நிற்கிறது. பழைய விதைமரங்கள் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கிலோ தந்தன என்றால், இந்த ஒட்டுமரங்கள் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே போயின. 1952இல் மறுநடவு நிதி வந்தது. பழைய மரங்களைத் தள்ளிவிட்டு நாடு முழுக்க ஒட்டுக்கன்று நட்டார்கள். தாத்தா கத்தியைக் கையில் எடுத்தது அதற்குப் பிந்திய காலத்தில்தான்.

வேலை எப்படி என்று அவர் எனக்கு ஒருமுறை வாழைமட்டையில் செய்து காட்டினார். கன்றின் அடிப்பட்டையில் ஜன்னல் மாதிரி ஒரு கீறல். பட்டையைக் கதவு போலத் திறக்க வேண்டும். உள்ளே வழவழவென்று ஈரம் தெரியும், அதைக் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டுள்ள பட்டைத் துண்டை அதே அளவில் சீவி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, கீழிருந்து மேலாக இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் போச்சு. "புடிச்ச கன்னுக்குத்தான் காசு. கருகுனதுக்கு கிராணி ஒரு காசு எழுத மாட்டான்."

*

இப்போது ரசாயனம். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குணம் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். காரணம் பின்னால்தான் புரிந்தது. ரப்பர் என்பது நூல் நூலாக நீண்ட மூலக்கூறுகள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கும் அந்த நூல்களுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. அந்தப் பாலம்தான் குறுக்குப் பிணைப்பு. பாலம் குறைந்தால் ரப்பர் இளகும். அதிகமானால் கட்டையாகிவிடும். கையுறைக்கும் டயருக்கும் பௌலிங் பந்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தக் கணக்குத்தான்.

அதே 1839இல் பிரிட்டனில் வில்லியம் குரோவ், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டினார். எரிபொருள் கலத்தின் பிறப்பு அது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் ஒரு மெல்லிய சவ்வில் வந்து சந்தித்தன.

சவ்வு என்ன செய்கிறது? ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று. நடுவில் சவ்வு. பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் விடும். எலக்ட்ரான் வேறு வழியில்லாமல் கம்பியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அந்தச் சுற்றுதான் நமக்கு மின்சாரம். மறு பக்கத்தில் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை.

1955இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தாமஸ் கிரப் இப்படி ஒரு பாலிமர் சவ்வை நடுவில் வைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய சக ஆய்வாளர் லியனார்ட் நைட்ராக் அதில் பிளாட்டினத்தைப் படியவைத்தார். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் இந்தக் கலங்களோடு பறந்தது. அதிலிருந்த சவ்வு பாலிஸ்டைரீன் வகை, அதாவது நாம் தாப்பாவ் வாங்கும் வெள்ளைப் பெட்டியின் சொந்தக்காரன், அமிலம் ஏற்றப்பட்டு. அதன் பலவீனம் ஆயுள். கலம் ஓடும்போது உள்ளே உண்டாகும் ரேடிக்கல்கள் ஸ்டைரீன் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துவிடும். அதே பத்தாண்டுகளில் டுபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் நாஃபியானை உருவாக்கினார். டெஃப்லான் போன்ற முதுகெலும்பு, அதில் அமிலக் கிளைகள். அது நீடித்து உழைத்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது.

ஏற்கெனவே கடையில் கிடைக்கும் டெஃப்லான் வகைத் தாளை எடுத்து, அதில் நமக்கு வேண்டிய கிளையை ஒட்டுப் போட்டால் என்ன? இந்தக் கேள்விதான் என் ஆய்வுத் தலைப்பின் மூலம். டெஃப்லான் எதனோடும் சேராது, அதனால்தான் தோசை ஒட்டாமல் வருகிறது. அதைச் சேரவைக்கக் கதிர்வீச்சு வேண்டும். 1952இல் ஆர்தர் சார்ல்ஸ்பி, கதிர்வீச்சு பாலிஎதிலீனில் குறுக்குப் பிணைப்பை உண்டாக்குகிறது என்று காட்டினார். பிரான்ஸில் அடோல்ஃப் ஷபீரோ கதிர்வீச்சால் ஒட்டுப் போடும் முறையை ஆழமாக ஆராய்ந்து 1962இல் பெரிய நூலே எழுதினார். எலக்ட்ரான் கற்றையோ காமா கதிரோ தாளின்மேல் பட்டால், அந்த நூல்களில் ஆங்காங்கே ஒரு பிணைப்பு அறுந்து, அடுத்ததைப் பற்றிக்கொள்ளத் துடிக்கும் முனை ஒன்று திறக்கிறது. அந்த முனைதான் ரேடிக்கல். அங்கே ஸ்டைரீன் வந்து சேர்ந்து, கிளையாக வளர்கிறது. பிறகு அந்தக் கிளையில் அமிலத்தை ஏற்றினால் சவ்வு தயார்.

ஆனால் கிளை ஸ்டைரீன் என்பதால் ஜெமினியின் பழைய வியாதி திரும்பிவிடும். இங்கேதான் குறுக்குப் பிணைப்பு உள்ளே வருகிறது. 1990களில் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் கழகத்தில் குந்தர் ஷெரரும், பின்னர் டில்லி ஐஐடியில் பணியாற்றிய புவனேஷ் குப்தாவும் மற்றவர்களும் ஸ்டைரீனோடு டைவினைல்பென்சீன் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு கைகள். ஒரு கையால் இந்தக் கிளையையும் இன்னொரு கையால் பக்கத்துக் கிளையையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிணைத்த சவ்வுகள் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாக்குப்பிடித்தன. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டி மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகம்மது மஹ்மூத் நாசிஃப், ஹம்தானி சைடி ஆகியோர், பாங்கியில் உள்ள அணுசக்தி நிறுவனத்தின் கைருல் ஸமான் டஹ்லானோடு சேர்ந்து இதே வகைச் சவ்வுகளைச் செய்து வரிசையாக ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார்கள். 2004இல் நாசிஃப், ஹெகாஸி என்பவரோடு எழுதிய மீளாய்வுக் கட்டுரைதான் எனக்குப் பாடப்புத்தகம்.

அந்த பாங்கி நிறுவனம் கதிர்வீச்சை வைத்துச் செய்த வேலைகளில் இன்னொன்று என்னை உட்கார வைத்தது. ரப்பர்ப் பாலில் கந்தகம் போடாமல், காமா கதிரால் குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் வேலை. கந்தக முறைக்கான துணை ரசாயனங்கள் இல்லாததால், புற்றுநோய்ச் சந்தேகமுள்ள நைட்ரோசமின்கள் அந்த ரப்பரில் உண்டாவதில்லை. ஒட்டும் அப்படித்தான். 1950களிலேயே ரப்பர்ப் பாலில் வேறொரு பாலிமரை ஒட்டுப் போட்டு 'ஹெவியாபிளஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி 49 என்ற ரப்பரை மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லித்தியம் பேட்டரிக்குள் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பாட்டி விடியற்காலையில் மங்கில் சேர்த்த அதே வெள்ளைப் பால்.

*

என் கதைக்கு வருகிறேன். 50 மைக்ரான் தாள்களை எலக்ட்ரான் கற்றையில் கதிரூட்டி, உலர்பனிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். குளிரில் வைக்காவிட்டால் திறந்த முனைகள் எல்லாம் தங்களுக்குள் மூடிக்கொண்டுவிடும். கண்ணாடிக் குழாயில் ஸ்டைரீன் கலவை, 60 டிகிரி சூடு. எடை கூடினால் ஒட்டு பிடித்தது என்று அர்த்தம். முதல் தாள் 3 சதவீதம். இரண்டாவது அதற்கும் கீழே. நான்கு தாளும் தோல்வி.

கதிரின் அளவைச் சந்தேகப்பட்டேன். ஸ்டைரீன் பழசோ என்று புதுப் போத்தலைத் திறந்தேன். கரைப்பானை மாற்றினேன். ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தா கேட்டார், "என்ன ஐயா, ஒட்டு புடிக்கலயா?"

"புடிக்கல தாத்தா."

"மொட்டு நல்ல மொட்டுதான?"

"புது போத்தல்தான்."

"அப்ப கட்டப் பாரு. கட்டு லூசா இருந்தா காத்தும் தண்ணியும் உள்ள போயிடும். நாங்க மொதல்ல கட்டத்தான் பாப்போம். மொட்ட அப்புறந்தான் கொற சொல்லுவோம்."

அவருக்கு மரியாதைக்காகத் தலையாட்டினேன். திங்கட்கிழமை குழாயில் நைட்ரஜன் ஊதும்போதுதான் உறைத்தது. ஆக்சிஜன் ரேடிக்கலின் எதிரி. கலவையில் கரைந்திருக்கும் காற்றை நைட்ரஜன் ஊதி வெளியேற்றாவிட்டால், ஸ்டைரீன் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் அந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருப்பது, எனக்கும் தெரியும். ஆனால் நான் ஐந்தே நிமிடம் ஊதிவிட்டு அவசரமாக மூடியிருந்தேன். மூடியும் சரியான மூடியில்லை. அன்று அரை மணி நேரம் ஊதி, இறுக்கி அடைத்தேன். 34 சதவீதம்.

இதைப் பெரிதுபடுத்த எனக்கு விருப்பமில்லை. மரத்தின் ஒட்டு கருகுவதும் என் குழாயில் நடந்ததும் ஒன்றல்ல. அங்கே அழுகல், காய்தல். இங்கே ஒரு மூலக்கூறு இன்னொன்றை முந்திக்கொள்வது. தாத்தாவுக்கு ரேடிக்கல் தெரியாது, அவர் விஞ்ஞானி என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஆனால் ஒரு ஒட்டு பிடிக்காதபோது எதை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்ற வரிசை அவரிடம் இருந்தது. ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கட்டி, கருகியவற்றுக்குக் காசு இழந்து கற்ற வரிசை. நான்கு ஆண்டுப் படிப்பில் எனக்கு விடைகள் கிடைத்திருந்தன, அந்த வரிசை கிடைக்கவில்லை.

அடுத்த தவறும் என்னுடையதே. தைரியம் வந்து டைவினைல்பென்சீனைத் தாராளமாகச் சேர்த்தேன். பிணைப்பு கூடினால் ஆயுள் கூடும் என்ற கணக்கு. அமிலம் ஏற்றிக் காயவைத்த சவ்வு, எடுத்தபோது அப்பளம் போல விரிசல் விட்டது. பிணைப்பு அதிகமானால் சவ்வு தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் இல்லாவிட்டால் புரோட்டான் நகராது, தாளும் நொறுங்கும். பிணைப்பே இல்லாவிட்டாலோ ஊறிப்போய்க் கிழியும். கடைசியில் கொஞ்சமாகச் சேர்த்துச் செய்த சவ்வுதான் நின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டியிடம் காட்டினேன். விரல்களால் இழுத்துப் பார்த்தார். ஃபார்மிக் அமிலத்தில் பாலை உறையவைத்து உறையவைத்துத் தடித்த விரல்கள். "ஷீட்டு மாதிரிதான் இருக்கு. எந்த மரத்துப் பால் இது?" என்றார்.

*

ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் நன்றியுரை உண்டு. மேற்பார்வையாளர், ஆய்வுக்கூட உதவியாளர், நண்பர்கள், பெற்றோர் என்று எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். தாத்தா இல்லை. மறந்துபோகவில்லை. யோசித்து, இதையெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எரிபொருள் கலத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ரப்பரின் வரலாற்றைப் பிறகு சும்மா ஆர்வத்தில் படிக்கத் தொடங்கினேன். விக்காம், ரிட்லி, டான் சாய் யான், குட்இயர் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. அறுநூறுக்குத் தாய் யார், தகப்பன் யார் என்று மரத்துக்குக்கூட வம்சாவளி இருக்கிறது. அந்த அறுநூறை நாடு முழுக்கக் கன்று கன்றாகக் கட்டியவர்களின் பெயர்கள் அந்தப் புத்தகங்களில் இல்லை. வெள்ளைக்காரன் எழுதவில்லை என்று கோபப்படலாம் என்று பார்த்தால், என் ஆய்வேடு ஞாபகத்துக்கு வருகிறது. எழுத வாய்ப்புக் கிடைத்த பேரனும் எழுதவில்லையே.

பாயா ரும்புட் என்றால் மலாயில் புல் மண்டிய சதுப்பு. இன்று சதுப்பும் இல்லை, சுற்றிலும் வீடமைப்புப் பகுதிகள். தாத்தா வேலை செய்த தோட்டம் செம்பனையாகி, பிறகு பாதி நிலம் வீடுகளாகிவிட்டது. தாத்தா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருக்கும்போது ஒருமுறை கேட்டேன், மொத்தம் எத்தனை கன்று கட்டியிருப்பீர்கள் என்று. "நான் எங்க எண்ணுனேன்? கிராணி புக்குல இருந்திருக்கும்" என்றார்.

அந்தப் புத்தகம் எங்கேயும் இருக்கப்போவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். என் நான்காவது தாள் வரை தோற்றது. ஐந்தாவது பிடித்தது. கட்டைப் பார் என்று சொன்னவர் என் தாத்தா.